முதலில் ஐந்து வோல்ட்: ஓர் அஸ்டெராய்ட்ஸ் எந்திரத்தின் பழுதுநீக்கம்

அட்டாரி நிறுவனம் 1979 நவம்பரில் வெளியிட்ட, குட்டிக் கப்பலிலிருந்து விண்கற்களைச் சுடும் அஸ்டெராய்ட்ஸ் என்ற ஆர்கேட் விளையாட்டின் ஆளுயரப் பெட்டி இது. நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய சாமான் விற்பனையில் வாங்கிப் போட்டிருந்தார். மரமும் பக்கவாட்டு ஓவியமும் கெடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் தலைப்பலகை விளக்கு எரியும், அடியில் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஸ்பீக்கரில் சீராக டிக், டிக், டிக் என்று கேட்கும். திரையில் ஒரு புள்ளிகூட வராது. விற்றவர் சொன்ன நோய் "சிபியு போச்சு", அதாவது மூளையான சிப் செத்துவிட்டது. வேலை முடிந்தபோது அந்த சிபியு அதே சாக்கெட்டில்தான் இருந்தது, இன்றும் அதுதான் ஓடுகிறது.

இந்த மாதிரி எந்திரங்களில் பழுதை எந்த வரிசையில் தேடுகிறோம் என்பதுதான் பாதி வேலை. முதலில் கரண்ட் வரும் வழி, அடுத்து மூளை, இரண்டும் சரியான பிறகே திரை. வரிசையை மாற்றினால் ஒரு பழுது மூன்றாகும், அதுவும் விலை கூடிய மூன்றாக. இதற்கு முன் இந்தப் பெட்டியைத் தொட்டவர்கள் விட்டுப்போன தடயங்களே அதற்குச் சாட்சி.

உள்ளே என்ன இருக்கிறது

அஸ்டெராய்ட்ஸை யோசித்தவர் லைல் ரெயின்ஸ், நிரலை எழுதியவர் எட் லாக். வன்பொருளுக்கு அடிப்படை ஹோவர்ட் டெல்மனின் வேலை. அதே ஆண்டு சில மாதங்கள் முன்பாக வந்த லூனார் லேண்டர் விளையாட்டில் ஏற்கெனவே ஓடிய சர்க்யூட்தான் இங்கேயும். சுமார் 70,000 பெட்டிகள் விற்றதாகச் சொல்வார்கள். அதனால் இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது. எந்திரத்தோடு சர்க்யூட் படங்களையும் சேர்த்துக் கொடுத்த காலம் அது. அந்தப் படங்கள் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இதன் திரை நம் வீட்டுப் பழைய டிவி மாதிரி வேலை செய்வதில்லை. டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடி முழுத் திரையையும் நிரப்பும். இங்கே கற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேராகப் போய்க் கோடு போடும். கோடு இல்லாத இடத்துக்குக் கற்றை போகவே போகாது. விண்கற்களின் விளிம்பு அத்தனை கூர்மையாக இருப்பதும், சுட்ட குண்டு கண்ணைக் குத்துகிற மாதிரி ஒளிர்வதும் அதனால்தான். வெக்டர் திரை என்பார்கள்.

6502 என்ற வகைச் சிபியு ஒவ்வொரு சட்டத்துக்கும் (ஃப்ரேம், திரையில் ஒரு தடவை வரையும் முழுப் படம்) எந்தெந்தக் கோடுகளைப் போட வேண்டும் என்று ஒரு பட்டியலை வெக்டர் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் எழுதி வைக்கும். பிறகு "போடு" என்று ஒரு சமிக்ஞை. உடனே டிஜிட்டல் வெக்டர் ஜெனரேட்டர் என்ற தனிச் சர்க்யூட் பட்டியலைத் தானே படித்து, எக்ஸ், ஒய் என்ற இரு திசைகளிலும் கவுண்டர்களை நகர்த்தும். அந்த எண்களை இரண்டு டிஏசி சிப்புகள் வோல்டேஜாக மாற்றித் திரைக்கு அனுப்பும். பட்டியல் முடிந்ததும் "முடிந்தது" என்று சிபியுவுக்கு ஒரு பதில் போகும். பதில் வராமல் சிபியு அடுத்த சட்டத்துக்கு நகராது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இன்னொரு நல்ல செய்தி, இதில் பேட்டரி கிடையாது. அதிக மதிப்பெண் பட்டியல் மெயின்ஸை அணைத்தவுடன் மறைந்துவிடும். வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிஃபெண்டர் போன்ற எந்திரங்களில் போர்டின் மேலேயே பென்டார்ச் பேட்டரி மூன்று உட்கார்ந்திருக்கும். யாராவது கழற்ற மறந்திருந்தால் அது ஒழுகி, பக்கத்துச் செம்புத் தடங்களைத் தின்றிருக்கும். அந்தத் தலைவலி இங்கே இல்லை.

கரண்ட் வரும் வழி

திரையின் பிளக்கைக் கழற்றுவதுதான் முதல் வேலை. கழற்றும் முன் பிக்சர் டியூபின் ஈ.எச்.டி (உயர் வோல்டேஜ்) மூடிக்கடியில் கம்பி கட்டிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, சேசிஸோடு சேர்த்து மிச்ச சார்ஜை இறக்கியாக வேண்டும். பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருந்த இடம் அது. மெயின்ஸை அணைத்து நேரமாகிவிட்டதே என்று நம்பிக் கை வைக்கக் கூடாது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரில் பார்த்தேன். கண்ணால் பார்த்து ஃப்யூஸை நல்லது என்று சொல்வது பழக்கதோஷம். கண்ணாடிக்குள் கம்பி முழுசாக இருக்கும், மூடிக்குள் ஈயம் விட்டிருக்கும். இங்கே அந்த வகையில் ஒன்று அகப்பட்டது. இன்னொன்று குறிப்பிட்டதைவிடப் பெரிய ஃப்யூஸ். அது எந்தக் கிளையில் இருந்தது என்றால், திரைக்குப் போகும் கிளையில். அதாவது முன்பு யாரோ ஒருவருக்கு அந்த ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, காரணத்தைத் தேடாமல் பெரிதாகப் போட்டுவிட்டார். திரையில் ஒரு ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும் என்று அந்த இடத்திலேயே குறித்து வைத்தேன்.

ஃப்யூஸ் பிடிக்கும் கிளிப்புகள் தளர்ந்து, சூட்டில் நிறம் மாறியிருந்தன. எல்லாவற்றையும் மாற்றினோம். காசு ஒன்றும் பெரிதில்லை, ஆனால் மறந்துவிடுகிற இடம் அது.

மின்வழங்கியின் அடியில் குண்டான நீலக் கண்டென்சர் ஒன்று நிற்கும். 27,000 மைக்ரோஃபேரட், 15 வோல்ட். ஆர்கேட் மெக்கானிக்குகள் இதற்கு "பிக் ப்ளூ" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிட்ஜ் வழியாக வரும் கரண்டைச் சமன்படுத்தி, பத்து வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலாக, அதை நிலையான ஐந்து வோல்ட்டாக்கும் ரெகுலேட்டருக்குத் தருவது இதன் வேலை. மல்டிமீட்டரில் பார்த்தால் வோல்டேஜ் பரவாயில்லை போலத்தான் தெரிந்தது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதே அதன் குறை. வோல்டேஜின் அலையையே வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்ததும் கதை மாறியது. வினாடிக்கு 120 தடவை வோல்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸ், முழு அலை ரெக்டிஃபையர் என்பதால் 120. ஒவ்வோர் இறக்கத்திலும் பள்ளம் ரெகுலேட்டருக்குத் தேவையான அளவுக்குக் கீழே போய்வந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27,000 மைக்ரோஃபேரட் உண்மையாகவே இருந்து, 4 ஆம்பியர் இழுத்தால், ஏற்ற இறக்கம் ஒரு வோல்ட்டை ஒட்டி இருக்கும். கண்டென்சர் வற்றி மூன்றில் ஒரு பங்காகியிருந்தால் அது மூன்று வோல்ட்டைத் தாண்டும். நாற்பது ஆண்டு தாண்டிய எலெக்ட்ரோலிடிக் கண்டென்சருக்கு இது நியாயமான சாவுதான். புதிதாக மாற்றியதும் அலை அடங்கியது. டிக், டிக் சத்தம் மட்டும் அடங்கவில்லை.

அடுத்தது ரெகுலேட்டர்/ஆடியோ போர்டு. ஐந்து வோல்ட்டைத் தயாரிப்பதும், ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையரும் ஒரே போர்டில். எல்எம்305 சிப் அளவு பார்க்கும், நம்மூர் ஆம்ப்ளிஃபையர் கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த 3055 ட்ரான்சிஸ்டர் கரண்டைச் சுமக்கும். இந்த வடிவமைப்பில் அழகான ஒரு யோசனை உண்டு. கேம் போர்டிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் ரெகுலேட்டருக்குத் திரும்பி வரும். சென்ஸ் கம்பிகள். அவற்றில் கரண்ட் ஏறக்குறைய ஓடாது. போர்டுக்கு உண்மையில் எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று மட்டும் சொல்லும். வழியில் கனெக்டரிலும் கம்பியிலும் கொஞ்சம் இழந்தால், ரெகுலேட்டர் அதற்கேற்ப ஏற்றிக் கொடுக்கும்.

காகிதத்தில் அழகு. நாற்பது ஆண்டு கழித்து, சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. கேம் போர்டு ஒரு விளிம்புக் கனெக்டரில் செருகியிருக்கும், இரு பக்கமும் 22 விரல்கள், மொத்தம் 44. சில ஆம்பியர் கரண்ட் அவற்றில் ஒரு சில விரல்கள் வழியாகத்தான் போகிறது. விரலும் முள்ளும் தொடும் இடத்தில் பாசி பிடித்தாற்போல ஆக்சைடு ஏறும், தடை கூடும். தடை கூடினால் சூடு, சூட்டில் முள்ளின் ஸ்ப்ரிங் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும். கடைசியில் பிளாஸ்டிக் கருகும். இந்தப் பெட்டியில் ஐந்து வோல்ட் முள்ளும் எர்த் முள்ளும் அப்படித்தான் பழுப்பேறியிருந்தன.

முன்பு பார்த்தவர் என்ன செய்திருக்கிறார் என்றால், சென்ஸ் கம்பிகளை ரெகுலேட்டர் போர்டிலேயே ஒரு துண்டு வயரால் குறுக்கே கட்டிவிட்டு, வோல்டேஜ் டிரிம்மரை (அளவைத் திருத்தும் சிறு திருகு) ஏறக்குறைய கடைசி வரை திருப்பியிருக்கிறார். ரெகுலேட்டரில் 5.6 வோல்ட். கேம் போர்டின் மறுகோடியில் அளந்தால் 4.6. நடுவில் ஒரு முழு வோல்ட் கனெக்டரில் சூடாக எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து டிடிஎல் வகை லாஜிக் சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வரை வேண்டும். 4.6-இல் சில சிப் ஓடும், சில ஓடாது. "சிபியு போச்சு" என்ற தீர்ப்பு பிறந்த இடம் இதுதான்.

ஆபத்து இதற்கப்புறம்தான். இந்த நிலையில் யாராவது கனெக்டரை மட்டும் சுத்தம் செய்து செருகினால், 5.6 வோல்ட் முழுசாகப் போர்டில் இறங்கும். உடனே எல்லாம் வெடித்துவிடாது, ஆனால் தள்ளாடிக்கொண்டிருக்கும் பழைய ரேம் சிப்புகளை அது முடித்துவைக்கும். நன்றாகச் சுத்தம் செய்த கைக்குக் கெட்ட பெயர் வரும்.

ஆகவே கேம் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் 2 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டி, இரண்டரை ஆம்பியர் இழுக்கவிட்டு, டிரிம்மரை ஐந்து வோல்ட்டுக்கு இறக்கினோம். பிறகே கனெக்டர். கருகிய முள்ளை மட்டும் மாற்றுவதைவிட முழுக் கனெக்டரையும் புதிதாக்குவது மேல், மற்ற முட்களும் அதே வயதுதானே. போர்டின் விரல்களுக்கு உப்புத்தாள் ஆகாது. முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பச்சை பூக்கும். ஐசோபிரொபைல் ஆல்கஹாலும் பென்சில் ரப்பரும் போதும். ஓரிடத்தில் முலாமே தேய்ந்திருந்தது, அங்கே மட்டும் மெல்லிய ஈயப்பூச்சு.

சென்ஸ் கம்பிகளை என்ன செய்வது என்பதில் இந்தத் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. நிரந்தரமாகத் துண்டித்து, ரெகுலேட்டர் போர்டிலேயே முடித்துவிடு என்பது ஒரு கட்சி. சென்ஸ் முள் கெட்டால் ரெகுலேட்டர் ஏமாந்து வோல்டேஜை ஏற்றும், அதற்காகக் காப்பாக வைத்த இரண்டு சிறு ரெசிஸ்டர்கள் கருகும் என்பது அவர்கள் வாதம். தப்பில்லை. நான் அடுத்த கட்சி. புதுக் கனெக்டர் போட்ட பிறகு வடிவமைப்பாளர் நினைத்தபடியே விட்டுவிடுவதுதான் நல்லது. துண்டித்தால் நாளைக்குக் கனெக்டர் மெல்லக் கெடும்போது அதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். குறுக்கே கட்டிய வயரை எடுத்து, கருகியிருந்த அந்த இரண்டு ரெசிஸ்டர்களையும் மாற்றினோம். இப்போது போர்டின் மறுகோடியில் 5.02.

மூளை

டிக், டிக் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது அதை நம்பலாம். நல்ல ஐந்து வோல்ட்டிலும் டிக் என்றால் பழுது போர்டில்தான்.

அந்த டிக் சத்தம் வாட்ச்டாக் சர்க்யூட்டினுடையது. நிரல் ஓடிக்கொண்டிருந்தால் அது அடிக்கடி ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தொட்டு "உயிரோடுதான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தொடாமல் விட்டால் வாட்ச்டாக் சிபியுவை ரீசெட் செய்யும். ரீசெட் ஆன சிபியு மறுபடி தடுமாற, மறுபடி ரீசெட். சிபியுவின் 40-ஆவது காலில் புரோப் வைத்தால் ஆசிலாஸ்கோப்பில் அந்தத் துடிப்பு பளிச்சென்று தெரியும். போர்டிலேயே வாட்ச்டாக்கை அடக்கி வைக்க ஒரு சோதனை முனை உண்டு. அதை எர்த்தோடு சேர்த்துவிட்டால், ரீசெட் தொந்தரவு இல்லாமல் சிபியு என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

கிளாக் சரியாக இருந்தது. 12.096 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எட்டால் வகுத்து 1.512 மெகாஹெர்ட்ஸ்.

6502-க்கு ஒரு பழைய, நல்ல சோதனை இருக்கிறது. சிபியுவைக் கழற்றி, நடுவில் ஒரு சாக்கெட் வைத்து, அதன் எட்டு டேட்டா கால்களையும் போர்டிலிருந்து பிரித்து, "எதுவும் செய்யாதே" என்ற கட்டளையின் எண்ணுக்கு நிலையாகக் கட்டிவிட வேண்டும். சிபியு எங்கே படித்தாலும் அதே கட்டளைதான் கிடைக்கும். எதுவும் செய்யாமல், முகவரியை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். அப்போது முகவரிக் கால்கள் வரிசையாக ஒன்றுக்கொன்று பாதி வேகத்தில் துடிக்க வேண்டும். இந்தப் போர்டில் முதல் முகவரிக் காலில் சுமார் 378 கிலோஹெர்ட்ஸ், அடுத்ததில் 189, அப்படியே குறைந்துகொண்டே போய்க் கடைசிக் காலில் வினாடிக்குப் பதினொன்றரை. பதினாறும் ஒழுங்காகத் துடித்தன. சிபியுவும் அதன் முகவரி வழியும் நலம். விற்றவரின் நோய்க்குறிப்பு இங்கேயே முடிந்துபோனது.

அப்படியானால் சிபியு படிக்கிற இடத்தில் பழுது. நிரல் மூன்று மாஸ்க் ரோம் சிப்புகளில் (தொழிற்சாலையிலேயே எழுதி முடித்த, மாற்ற முடியாத நினைவகம்) இருக்கிறது, ஒவ்வொன்றும் 2 கிலோபைட். சிபியு விழித்ததும் முதலில் பார்ப்பது உச்ச முகவரியை, எங்கே தொடங்க வேண்டும் என்ற குறிப்பு அங்கேதான். உச்ச முகவரியில் இருக்கிற ரோமை விரலால் இலேசாக அழுத்தியதும் டிக் சத்தத்தின் தாளம் மாறியது. வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அந்தக் காலத்துச் சிப்புகள் பலவற்றின் கால்களுக்கு வெள்ளி முலாம். வெள்ளிப் பாத்திரம் கறுப்பது போலவே காற்றிலிருக்கும் கந்தகத்தால் இவையும் கறுக்கும். சாக்கெட்டுக்குள் அந்தக் கறுப்புதான் தொடர்பைக் கெடுக்கிறது. கூடவே கால் உளுத்துப்போயும் இருக்கும். மெல்ல நெம்பி எடுத்தும் ஒரு கால் சாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. இதற்காக ரோமைத் தூக்கிப்போட வேண்டாம். முனை திரண்ட கால்கள் உள்ள ஒரு புதுச் சாக்கெட்டின் மேல் சிப்பை உட்கார வைத்து, ஒவ்வொரு காலின் அடிமுண்டத்தையும் அதில் ஈயம் வைத்து, உடைந்த கால் இருந்த இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றை இழுத்தால், சாக்கெட்டே சிப்புக்குப் புதுக் கால்களாகிவிடும். ரீடரில் வைத்துப் படித்து, அறியப்பட்ட நல்ல பிரதியோடு ஒப்பிட்டதில் ஒரு பிட்கூட மாறவில்லை. மற்ற இரண்டு ரோம்களையும், கோட்டு வடிவங்கள் இருக்கும் வெக்டர் ரோமையும் இதே போலச் சுத்தம் செய்து படித்துப் பார்த்து, போர்டில் இருந்த சாக்கெட்டுகளையும் மாற்றினோம். ரோமுக்குப் பதில், நாமே எழுதிக்கொள்ளக்கூடிய 2716 இப்ராம் சிப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: ஆகும், ஆனால் மாஸ்க் ரோமின் செலக்ட் கால்கள் அதோடு அப்படியே பொருந்தும் என்று எண்ணாமல் சர்க்யூட் படத்தைப் பார்த்து மாற்று வழி போட வேண்டும்.

வாட்ச்டாக் அடங்கியது. அதன் பிறகு சுயசோதனை ஸ்விட்ச். திரை இல்லாமலே இந்த எந்திரம் தன் நோயைச் சொல்லும், ஏனென்றால் ரேம் கெட்டிருந்தால் திரையில் எழுதிக் காட்டவும் முடியாதே. ஆகவே ரேம் பழுதை ஒலியின் சுருதியால் சொல்கிறது. 1979-இல் இப்படி யோசித்திருக்கிறார்களே என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். போர்டில் 2114 வகை ரேம் ஆறு. இரண்டு சிபியுவின் சொந்த வேலைக்கு, நான்கு கோடுகளின் பட்டியலுக்கு. ஒலி சுட்டிக் காட்டியது அந்த நான்கில் ஒன்றை. 2114 இந்த வயதில் சாவது சகஜம், நல்ல சாக்கெட் வைத்து மாற்றினோம்.

இங்கே முன்பு சொன்னதை நினைவுபடுத்துகிறேன். வெக்டர் ரேமில் ஒரு பிட் கெட்டால் பட்டியலில் "முடிந்தது" என்ற கட்டளை காணாமல் போகலாம். வெக்டர் ஜெனரேட்டர் முடிவைக் காணாமல் ஓடிக்கொண்டே இருக்கும், சிபியு பதிலுக்குக் காத்துக் காத்து வாட்ச்டாக்கில் மாட்டும். வெளியில் பார்ப்பவருக்கு மறுபடியும் "சிபியு போச்சு".

கோடு போடும் சர்க்யூட்

கேம் போர்டைப் பெட்டியில் செருகி, திரையின் பிளக்கை அப்படியே கழற்றிய நிலையில் வைத்து, போர்டின் எக்ஸ், ஒய் வெளியீடுகளை ஆசிலாஸ்கோப்பின் இரு சானல்களில் கொடுத்து, அதை எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றினால், ஸ்கோப்பே ஒரு குட்டி அஸ்டெராய்ட்ஸ் திரையாகிவிடும். வெக்டர் எந்திரம் எதைத் தொட்டாலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. போர்டு கெட்டு, எக்ஸ் வெளியீடு ஒரு பக்கமாக நிலைத்து நின்றால், அந்த நேர் வோல்டேஜ் திரையின் டிஃப்ளெக்ஷன் (கற்றையைத் திருப்பும்) ட்ரான்சிஸ்டர்களை நிமிடத்தில் சுட்டுவிடும். ஸ்கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஒளிர்வு சமிக்ஞையைச் சேர்க்காததால் கோடுகளுக்கிடையே கற்றை தாவும் வழியும் மங்கலாகத் தெரியும். கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஸ்கோப்பில் விண்கல் தெரிந்தது, மதிப்பெண் தெரிந்தது. ஆனால் எல்லாம் திரையின் ஒரு பாதியில். மறுபாதியில் இருக்க வேண்டியதெல்லாம் இந்தப் பாதியின் மேலேயே வந்து படிந்திருந்தது. மையத்தைக் கடக்கிற கல் மறுபக்கம் போவதற்குப் பதில் சட்டென்று இந்தப் பக்க விளிம்பில் முளைத்தது. ஒய் திசையில் குறை ஒன்றுமில்லை.

இந்த வகைப் படம் கிடைத்தால் மெக்கானிக்குக்கு விருந்துதான். எக்ஸ் எண்ணின் பத்து பிட்டில் மிகப் பெரிய பிட் பாதித் திரையின் மதிப்புள்ளது. அது அசையாமல் நின்றுவிட்டால் திரை சரியாக இப்படித்தான் மடங்கும். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் பிட் எந்த இடத்தில் நின்றது? கவுண்டரிலா, டிஏசியிலா, நடுவிலா?

நடுவில் மல்டிபிளெக்ஸர் சிப்புகள் உண்டு. கோடு திரையின் எல்லையைத் தாண்டினால், கவுண்டரின் எண்ணை விட்டுவிட்டு, எல்லை மதிப்பையே டிஏசிக்குக் கொடுத்து வெட்டிவிடுவது அவற்றின் வேலை. சர்க்யூட் படத்திலும் மல்டிபிளெக்ஸருக்கு முந்திய கம்பிக்கும் பிந்திய கம்பிக்கும் தனித்தனிப் பெயர். லாஜிக் புரோபை முந்திய கம்பியில் வைத்தேன், துடிப்பு இருந்தது. பிந்திய கம்பியில் வைத்தேன், செத்துக் கிடந்தது. டிஏசியின் கால்தான் அதை எர்த்துக்கு இழுக்கிறதோ என்று பார்க்க அந்த ஒரு காலை மட்டும் பிரித்துப் பார்த்தோம். மல்டிபிளெக்ஸர் வெளியீடு அப்போதும் செத்தே இருந்தது. நிம்மதி, ஏனென்றால் டிஏசி ஏடி561 என்ற அபூர்வ சிப், விலையும் அதிகம், போலியும் நிறைய. மல்டிபிளெக்ஸர் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண டிடிஎல் சரக்கு.

பழைய சிப்பை எடுப்பதில் ஒரே வழிதான் எனக்குச் சம்மதம். கால்களை உடம்போடு ஒட்டி வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுத்து, பிறகு ஓட்டையில் மிஞ்சிய ஈயத்தை உறிஞ்சுவது. சிப்பை முழுசாகக் காப்பாற்ற நினைத்து இழுத்தால், இரண்டு பக்கத் தடத்தையும் சேர்க்கும் ஓட்டையின் உள்முலாம் பிய்ந்து வரும். சில ரூபாய் சிப்புக்காகப் போர்டைப் பலி கொடுத்த கணக்காகும். சாக்கெட் வைத்து, புது சிப் செருகியதும், ஸ்கோப்பில் விண்கற்கள் இரு பாதியிலும் பரவின. அளவையும் மையத்தையும் திருத்தும் டிரிம்மர்களைத் தொடவில்லை. அவை திரைக்கேற்பத் திருத்த வேண்டியவை.

திரை

19 அங்குல எலெக்ட்ரோஹோம் ஜி05 கருப்பு-வெள்ளை வெக்டர் மானிட்டர். ஃப்யூஸ் சொன்ன கதையை வைத்து நேராகச் சேசிஸின் ஹீட்சிங்கில் இருக்கும் பெரிய ட்ரான்சிஸ்டர்களுக்கே போனோம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு என்பிஎன், ஒரு பிஎன்பி. ஒன்று கற்றையை ஒரு பக்கம் தள்ளும், மற்றது மறுபக்கம் இழுக்கும். ஒன்று திறந்துபோனால் பாதிப் படம் மட்டும் வரும். ஷார்ட் ஆனால் மின்வழங்கியின் ஒரு முனை நேராக யோக்கில் (கற்றையைத் திருப்பும் கம்பிச்சுருள்) பாயும், ஃப்யூஸ் போகும். ஒய் திசையின் பிஎன்பி கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டர் சுழியைக் காட்டியது. ஜோடியை மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றினோம். மைக்கா தகடும் வெப்பப் பசையும் புதிது, சேசிஸோடு எங்கும் தொடவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே அடுத்த வேலை. அந்த ட்ரான்சிஸ்டரை ஓட்டும் சின்ன ட்ரான்சிஸ்டர்களையும் ரெசிஸ்டர்களையும் சரிபார்க்காமல் விட்டால் புதியதும் போகும். ஒரு ரெசிஸ்டர் மதிப்பு விலகியிருந்தது.

மற்றபடி டிவி மெக்கானிக் யாருக்கும் தெரிந்த வேலைதான். கனெக்டர் முட்களைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்ட டிரை சால்டர்கள் நிறைய, எல்லாவற்றுக்கும் புது ஈயம். எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் அனைத்தும் மாற்றம்.

எக்ஸ், ஒய் கம்பிகளைச் சேர்க்கும் முன் போர்டின் வெளியீட்டில் நேர் வோல்டேஜ் நிற்கவில்லை என்று மறுபடி அளந்தோம். கற்றை நகராமல் ஓரிடத்தில் நின்றால் அதை அணைக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இந்த மானிட்டர்களில் உண்டு, ஆனால் நாற்பது வயதுப் பாதுகாவலரை நம்பி முழு ஒளியில் போடக் கூடாது. ஒளிர்வைக் குறைத்து வைத்துப் போட்டோம். டியூப் சூடேறியதும் முதலில் மதிப்பெண் இலக்கங்கள், பிறகு கற்கள். மையத்தையும் அளவையும் திருத்தி, கற்றை தாவும் வழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒளிர்வை நிறுத்தினோம். இதற்கு மேல் ஏற்றினால் கப்பல் நிற்கிற இடமும் மதிப்பெண் வருகிற இடமும் பாஸ்பரில் நிரந்தரத் தழும்பாகும். இந்த டியூபில் ஏற்கெனவே இலேசான தழும்பு உண்டு. மாற்றவில்லை, நல்ல பழைய டியூபை எடுப்பதற்கு அது காரணமாகாது.

சத்தம்

சத்தத்துக்குத் தனிச் சிப் எதுவும் இதில் இல்லை. வேகம் கூடிக்கொண்டே போகும் அந்தப் பின்னணி அடி, பறக்கும் தட்டு வரும் சத்தம், சுடுவது, வெடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அனலாக் சர்க்யூட். வெடி மட்டும் அமுங்கிக் கேட்டது. சத்தத்தைக் கடத்தும் ஒரு கப்ளிங் கண்டென்சரை மாற்றினோம். அவ்வளவுதான்.

பிறகு நீண்ட ஓட்டம். ஜான் மெக்அலிஸ்டர் 2010-இல் ஏறத்தாழ 58 மணி நேரம் ஒரே மூச்சில் விளையாடி, 41,338,740 புள்ளிகள் எடுத்து, 1982-இலிருந்து நின்ற சாதனையை முறியடித்தது இந்த வகை எந்திரத்தில்தான். திரையில் மதிப்பெண் 99,990-ஐத் தாண்டினால் சுழிக்குத் திரும்பிவிடும் என்பதால் பக்கத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் விளையாடாமல், எந்திரம் தானே ஆடிக் காட்டும் விளம்பர ஓட்டத்தில் விட்டு, மணிக்கொரு தரம் மூன்று இடத்தில் கை வைத்தோம்: 3055-இன் ஹீட்சிங்க், புதுக் கனெக்டரின் ஐந்து வோல்ட் முள், மானிட்டரின் பெரிய ட்ரான்சிஸ்டர்கள். ஹீட்சிங்க் நன்றாகவே சுடும், அது இயல்பு. பத்து வோல்ட்டில் பாதியை அது சூடாக்கித்தான் தள்ளுகிறது. முள் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது, தாண்டவில்லை.

பெட்டிக்குள், ஆபரேட்டர் கையேட்டோடு, மாற்றிய பாகங்களின் பட்டியலையும் அளந்த வோல்டேஜ்களையும் எழுதி ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறோம். வோல்டேஜ் டிரிம்மரின் மேல் நகப்பூச்சால் ஒரு சொட்டு வைத்திருக்கிறது. அது உடைந்திருந்தால் யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது சிப்பைத் தேடாமல் முதலில் கனெக்டரைப் பார்க்கச் சொல்லி நண்பரிடம் எழுதியே கொடுத்தாயிற்று.